ருஷ்யாவில் தன்னந்தனியாக ஒரு பெண்

இரண்டாவது உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம். திருவண்ணாமலையில் சுவிட்ஜர்லாந்து தேசத்து அம்மாள் ஒருவர் குடியிருந்தார். வயது நாற்பதை ஒட்டி இருக்கும். ரமண மகரிஷியின் முன்னிலையில் பத்தோடு பதினொன்றாகத் தரையில் உட்கார்ந்திருப்பார். வீட்டில் துணைக்கு ஒரு பூனை; புலிக்குட்டி மாதிரி அதன் உடம்பெல்லாம் வரி. ரயில் ஏறி வெளியூர் போனால் பூனையும் கூடவே பிரயாணம் செய்யும். பார்த்தவர்கள், "பாவம், பூனை வளர்க்கிற வெள்ளைக்கார அம்மாள்" என்று நினைத்திருப்பார்கள். வேறென்ன நினைக்க முடியும்? பத்து வருஷத்துக்கு முன்னால் இதே அம்மாள் மாஸ்கோ நகரத்தில் முன்பின் தெரியாத ஜனங்களுக்கு நடுவே தன்னந்தனியாகப் போய் இறங்கியவர் என்றோ, பனிப் பாலைவனத்தை ஒட்டகத்தின் மேல் கடந்தவர் என்றோ முகத்தில் எழுதி ஒட்டியிருக்கிறதா, என்ன?

அவர் பெயர் எல்லா மையார். 'எல்லா' என்பதுதான் பெயர். பாக்கியை விட்டுவிட்டோம் என்று எண்ணிவிடாதீர்கள். 'மையார்' என்பது குடும்பப் பெயர். கொஞ்சம் வேகமாகச் சொன்னால் 'அம்மையார்' என்று நம் காதில் விழுகிறது. அதுவும் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

1903-ம் வருஷம் ஜினீவாவில் பிறந்தவர் மையார். தகப்பனார் ரோமத் தோல் வியாபாரி. குளிர் நாட்டுச் சீமாட்டிகள் தோளில் போர்த்திக்கொள்கிறார்களே, அந்தச் சரக்கு. தாயார் டென்மார்க்காரர். வசதியான குடும்பம். பெண் படித்துவிட்டு, நல்ல இடத்தில் கல்யாணம் செய்துகொண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் ஏரிக்கரையில் உலாவ வேண்டியது என்பது வீட்டாரின் ஏற்பாடு. பெண்ணுக்கோ ஏரிக்கரையைவிட ஏரிமேல்தான் ஆசை. பதினாறு வயதில் தன் ஊரில் பெண்களுக்கென்று ஹாக்கி சங்கம் ஆரம்பித்தார். 1924-ல் பாரிஸ் ஒலிம்பிக் பந்தயத்தில் ஒற்றை ஆள் ஓட்டும் பாய்மரப் படகுப் போட்டிக்குச் சுவிட்ஜர்லாந்து அனுப்பிய ஆள் இவர்தான். ஆண்களோடு போட்டி போட்டு ஒன்பதாவதாக வந்தார்.

ஆனால் படகு ஓட்டினால் வயிறு நிறையுமா? தோழி ஒருத்தியுடன் தென்கடல் தீவுகளுக்குப் பாய்மரத்தில் போய்விடுவதென்று கண்ட கனவும் பலிக்கவில்லை. பிறகு அவர் பார்க்காத வேலை இல்லை. வேல்ஸ் பிரதேசத்தில் பிரெஞ்சு வாத்தியாரம்மா, எங்கோ டைப்பிஸ்ட், சிற்பி ஒருவருக்கு மாடல், பெர்லினில் மலையேறும் சினிமாப் படங்களில் சில்லறை வேஷம், இங்கிலீஷ் டியூஷன், இப்படி ஒன்றிலும் நிலையில்லை. இதெல்லாம் வீட்டுக்கு அடங்காத பெண்ணின் துடுக்கு என்று நாம் சொல்லிவிடலாம். சொல்வதற்கு முன்னால் ஒன்றை யோசிக்க வேண்டும். 1914-ல் முதல் யுத்தம் மூண்டபோது அவருக்குப் பதினொரு வயது. பக்கத்துத் தேசங்களில் நாலு வருஷம் பிள்ளைகள் சாவதைப் பத்திரிகைகளில் படித்துக்கொண்டே வளர்ந்த தலைமுறை அது. நாகரிகம், முன்னேற்றம் என்று பெரியவர்கள் சொல்லிக்கொடுத்த பாடமெல்லாம் அந்த நாலு வருஷத்தில் பொய்யாய்ப் போயிற்று. எங்கேயாவது, யாராவது, வேறு விதமாக வாழத் தெரிந்தவர்கள் இருக்கிறார்களா என்ற கேள்வி மையாரை விடவில்லை.

அந்த நாளில் பெர்லினில், புரட்சிக்குப் பயந்து ஓடிவந்த ருஷ்யர்கள் ஏராளம். அவர்களிடம் கேட்டால், ருஷ்யா நரகம். ஹோட்டலில் அடுத்த மேஜையில் உட்கார்ந்திருக்கும் தீவிர வாலிபனைக் கேட்டால், ருஷ்யா சுவர்க்கம். இரண்டு பேரும் சத்தியம் செய்கிறார்கள்! யாரை நம்புவது? போய்ப் பார்த்துவிடுவதுதான் வழி என்று தீர்மானித்தார் மையார். அதற்குப் பணம்? அமெரிக்க நாவலாசிரியர் ஜாக் லண்டனின் மனைவி சார்மியன் அப்போது பெர்லினுக்கு வந்திருந்தார். கணவர் 1916-லேயே காலமாகிவிட்டார். சாகசக்காரருக்கு வாழ்க்கைப்பட்டவர் அல்லவா? இந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது. ஐம்பது டாலர் எடுத்துக் கொடுத்தார். 1930-ல் மையார் புறப்பட்டுவிட்டார். வயது இருபத்தேழு.

அந்தக் காலத்தில் பெர்லினிலிருந்து மாஸ்கோ போகிறவர்கள் போலந்தைக் கடந்து, நிகரேலோயே என்ற எல்லை ஸ்டேஷனில் ரயில் மாற வேண்டியிருந்தது. ஏனென்றால் ருஷ்யத் தண்டவாளம் ஐரோப்பியத் தண்டவாளத்தைவிட அகலம். முன்பெல்லாம் நம் மீட்டர் கேஜ் வண்டியிலிருந்து இறங்கிப் பிராட் கேஜ் வண்டியில் ஏறினோமே, அந்த மாதிரி. அங்கே முதல் வகுப்பு, மூன்றாம் வகுப்பு என்ற பேச்சே இல்லை. 'மெத்தை வண்டி', 'கட்டை வண்டி' என்று இரண்டே பிரிவு. பெயர்தான் மாறியது, பலகை மாறவில்லை என்று நான் சொன்னால் யாராவது கோபித்துக்கொள்வார்கள். கட்டை வண்டியில்தான் ஜனங்கள் இருப்பார்கள். ஒரு ஸ்டேஷன் வந்துவிட்டால் போதும், ஆளுக்கொரு கெட்டிலைத் தூக்கிக்கொண்டு ஓட்டம்! அப்போது ருஷ்ய ஸ்டேஷன்களில் கொதிக்கும் வெந்நீர் இலவசமாகக் கிடைத்தது. வெந்நீர் வந்ததும் டீ போட்டு, சர்க்கரைக் கட்டியைப் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டு, அதன் வழியாக டீயை உறிஞ்சுவார்கள். கறுப்பு ரொட்டியைப் பிய்த்துப் பக்கத்தில் இருப்பவருக்கு நீட்டுவார்கள். நம் ஊர் ரயிலில் புளியோதரை மூட்டை அவிழ்ந்த மாதிரிதான்.

மாஸ்கோவில் மையாருக்கு இடம் கொடுத்தவர் டால்ஸ்டாய் குடும்பத்துச் சீமாட்டி ஒருவர். 1917-ல் பிரபுப் பட்டங்களையெல்லாம் ரத்து செய்துவிட்டார்கள். ஆகவே இது மாளிகை வாசம் அல்ல. அந்தக் காலத்து மாஸ்கோவில் முன்பு ஒரு குடும்பம் இருந்த வீட்டில் ஐந்தாறு குடும்பங்கள். குடும்பத்துக்கு ஓர் அறை. எல்லோருக்கும் சேர்த்து ஒரே சமையலறை, ஒரே குழாய். வாசல் மணியை ஒரு தடவை அடித்தால் ஒரு குடும்பம், இரண்டு தடவை அடித்தால் அடுத்த குடும்பம் என்று கணக்கு. சமையலறையில் ஆளுக்கொரு பிரைமஸ் ஸ்டவ். ஐந்தும் ஒரே சமயத்தில் இரைகிற சத்தத்தை நினைத்துப் பாருங்கள்! என் ஸ்டவ்வை யார் நகர்த்தினார்கள், என் பாத்திரத்தில் யார் கை வைத்தார்கள் என்ற சண்டைக்கு ராஜ்யமும் தெரியாது, புரட்சியும் தெரியாது. ஒண்டுக் குடித்தனத்தில் இருந்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

இன்னொரு வேடிக்கை. 1929-ம் வருஷக் கடைசியிலிருந்து அங்கே ஞாயிற்றுக்கிழமையையே எடுத்துவிட்டார்கள். வாரத்துக்கு ஐந்தே நாள். தொழிற்சாலை ஒரு நாளும் நிற்கக் கூடாது என்பதற்காக, வேலையாட்களை மஞ்சள், ரோஜா, சிவப்பு, ஊதா, பச்சை என்று ஐந்து வர்ணமாகப் பிரித்தார்கள். நாலு நாள் வேலை, ஐந்தாம் நாள் ஓய்வு. ஆனால் ஒவ்வொரு வர்ணத்துக்கும் ஓய்வு வெவ்வேறு நாள். கேட்பதற்கு நன்றாக இருக்கிறது. கணவன் மஞ்சள், மனைவி பச்சை, பிள்ளையின் பள்ளிக்கூடம் ஊதா என்று விழுந்துவிட்டால், குடும்பம் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவது என்றைக்கு? இந்த ஏற்பாடு 1931-லேயே ஆட்டம் கண்டு, ஆறு நாள் வாரமாக மாறி, 1940-ல் பழைய ஞாயிற்றுக்கிழமை திரும்பி வந்துவிட்டது. காலண்டரை மாற்றலாம், வீட்டுக்காரி எப்போது துணி துவைப்பாள் என்பதைச் சர்க்கார் உத்தரவு போட்டு மாற்ற முடியுமா?

பெண்களுக்கு அங்கே சட்டம் நிறையக் கொடுத்திருந்தது. படிப்பு, உத்தியோகம், ஓட்டு, சொத்து எல்லாவற்றிலும் சமம். 1926-ம் வருஷச் சட்டப்படி விவாக பந்தத்தை முறிப்பதற்குக் கூட ஒரு தரப்பு போய்ப் பதிவு செய்தால் போதும். மற்ற தரப்புக்குத் தபால் கார்டில் தகவல் வரும்! காலையில் வேலைக்குப் போன மனைவி சாயங்காலம் வந்து, பால் கணக்கோடு அந்தக் கார்டையும் வாசித்துப் பார்க்க வேண்டியதுதான். இதன் விபரீதத்தைச் சர்க்காரே உணர்ந்து 1936-லும் 1944-லும் கட்டுத்திட்டம் போட்டது. சமையல் வேலையிலிருந்து பெண்களை விடுவிப்பதற்காகச் 'சமையல் தொழிற்சாலை' என்று பெரிய பெரிய கட்டடங்கள் எழுந்தன. 1925-ல் இவானோவோ-வோஸ்னஸென்ஸ்க் என்ற நெசவாலை நகரத்தில் முதலாவது தொடங்கியது. நெசவாலை என்றால் வேலையாட்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்களுக்கு இது எவ்வளவு பெரிய உபகாரம் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் 1930-ல் ரொட்டிக்கும் சர்க்கரைக்கும் ரேஷன் கார்டு. கடை வாசலில் கியூ. அந்தக் கியூவில் யார் நின்றார்கள் என்கிறீர்கள்? ஆலையில் வேலை பார்த்துவிட்டு வந்த அதே பெண்தான். சட்டப் புஸ்தகத்தில் கிடைத்த சமத்துவத்தைக் கியூவில் நின்று திருப்பிக் கொடுத்தாள் என்பது என் அபிப்பிராயம்.

மையார் உல்லாசப் பிரயாணிகளுக்குக் காட்டும் மாதிரித் தொழிற்சாலைகளைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடவில்லை. தமக்குத் தெரிந்த ஒரே பாஷையில் அந்த ஜனங்களோடு பேசினார். அது விளையாட்டு. படகுச் சங்கம் ஒன்றில் சேர்ந்து, மாஸ்க்வா நதியில் வேலைக்காரப் பெண்களோடு துடுப்பு வலித்தார். ருஷ்ய பாஷை அரைகுறைதான். ஆனால் துடுப்பு எல்லோரும் சேர்ந்து இழுத்தால்தானே படகு நகரும்? வேர்த்து விறுவிறுத்துக் கரை ஏறிய பிறகு வருகிற பேச்சு இருக்கிறதே, அதில் பிரசாரம் குறைவு. சினிமாக்காரர்களையும் போய்ப் பார்த்தார். 'தாய்' படத்தை எடுத்துப் புகழ் பெற்ற புடோவ்கின் அவர்களில் ஒருவர். 1951-ல் இந்தியாவுக்கும் வந்து போனவர்தான் இந்தப் புடோவ்கின்.

அந்த வாலிபர்களிடம் மையாரைக் கவர்ந்தது எது? வயிறு காய்ந்தாலும் நாளையைப் பற்றிச் சந்தேகமே இல்லாமல் இருந்ததுதான். ஐந்து வருஷத் திட்டம் 1928-ல் தொடங்கியிருந்தது. அதை நாலே வருஷத்தில் முடிப்போம் என்று சுவரெல்லாம் எழுதியிருந்தார்கள். ஐரோப்பாவில் மையாரின் வயதுக்காரர்கள் எதிலும் பிடிப்பில்லாமல் அலைந்துகொண்டிருக்க, இங்கே இருபது வயதுப் பிள்ளைகள் ஓர் அணைக்கட்டைப் பற்றிக் காதலியைப் பற்றிப் பேசுவது போலப் பேசினார்கள். மையார் அதைப் பார்த்தார், ஆசைப்பட்டார். கூடவே கியூவையும் பார்த்தார். இரண்டையும் எழுதினார்.

மாஸ்கோவோடு நிற்கவில்லை. கோடையில் மாணவர் கோஷ்டி ஒன்றுடன் சேர்ந்து, முதுகில் மூட்டையைக் கட்டிக்கொண்டு காகசஸ் மலைக்குப் புறப்பட்டார். ஐரோப்பாவிலேயே உயர்ந்த எல்புருஸ் சிகரம் (5,642 மீட்டர்) இருக்கிற மலைத்தொடர். அதன் தெற்குச் சரிவில் ஸ்வானேத்தியா என்ற பள்ளத்தாக்கு. ஜார்ஜியாவைச் சேர்ந்தது. அங்கே உள்ளவர்கள் ருஷ்யர்கள் அல்ல. ஸ்வான் என்ற மலைஜாதியினர், பாஷையும் வேறு. ஒவ்வொரு வீட்டோடும் ஒரு கல் கோபுரம். எதற்கு என்று நினைக்கிறீர்கள்? சாமிக்கு அல்ல. இரண்டு குடும்பத்துக்குள் கொலை விழுந்துவிட்டால், பழிக்குப் பழி தலைமுறை தலைமுறையாக நடக்கும். அப்போது குடும்பம் முழுவதும் தானியத்தோடு கோபுரத்தில் ஏறி, ஏணியை மேலே இழுத்துக்கொண்டுவிடும்! எழுநூறு, எண்ணூறு வருஷத்துக் கோபுரங்கள் இன்றும் நிற்கின்றன. 1996-ல் அந்தப் பள்ளத்தாக்கை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது. மாஸ்கோவில் ஞாயிற்றுக்கிழமையை ஒழித்த அதே ராஜ்யத்தின் ஒரு மூலையில் இந்தக் கோபுரங்கள். மலைகளைத் தாண்டிக் கருங்கடல் கரைக்கு இறங்கினார் மையார். ஊர் திரும்பி எழுதிய 'ருஷ்ய இளைஞர்களின் நடுவே' என்ற பிரெஞ்சுப் புஸ்தகம் 1932-ல் பாரிஸில் வெளியாயிற்று. அவருடைய முதல் புஸ்தகம் அதுதான்.

இந்த இடத்தில் இன்னொரு பெண்மணியையும் நினைத்துக்கொள்ளத் தோன்றுகிறது. மையாருக்கு நாற்பது வருஷத்துக்கு முன்னால், 1891-ல், கேட் மார்ஸ்டன் என்ற ஆங்கிலேய நர்ஸ் சைபீரியாவுக்குப் போனார். யாகூட்ஸ்க் பிரதேசத்துக் காடுகளில் குஷ்டரோகிகளை ஊரைவிட்டுத் துரத்தி வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, அவர்களைத் தேடிக்கொண்டு. கூட வந்த தோழி பாதி வழியில் நோயாகித் திரும்பிவிட, இவர் மட்டும் மேலே போனார். போட்டுக்கொண்ட கம்பளி உடுப்புகளின் கனத்தில் சொந்தமாகப் பனிச்சறுக்கு வண்டியில் ஏற முடியாமல், ஆட்கள் தூக்கி உள்ளே வைத்தார்களாம். மூட்டையில் கிறிஸ்துமஸ் புட்டிங் மட்டும் நாற்பது ராத்தல்! கெடாத பண்டம், குளிருக்கும் நல்லது என்று. நம் பாட்டிமார் காசிக்குப் புறப்படும்போது பொரிவிளங்காய் உருண்டை கட்டிக்கொண்டது ஞாபகம் வருகிறதா? பிறகு குதிரைமேல், சதுப்பு நிலத்திலும் காட்டிலும், ஏறக்குறைய இரண்டாயிரம் மைல். ரோகிகளைக் கண்டார். அவர்களுக்கு ஆஸ்பத்திரி கட்டப் பணம் திரட்டினார். லண்டனில் அவருக்குப் புகழும் கிடைத்தது, அதைவிட அதிகமாக அவதூறும் கிடைத்தது. 1931-ல் வறுமையில் காலமானார்.

மையாரின் கதைக்கு வருவோம். 1932-ல் மறுபடியும் ருஷ்யா. இந்தத் தடவை கிழக்கே, துருக்கிஸ்தானம். இரண்டு ருஷ்யத் தம்பதிகளோடு சேர்ந்து ரயிலில் பிரூன்ஸே நகரம் வரை. இன்று அதற்குப் பிஷ்கேக் என்று பெயர். அங்கிருந்து தியான் ஷான் மலை. குதிரைச் சவாரி. உள்ளூரில் செய்வித்த ஸ்கீ பலகைகளைக் கட்டிக்கொண்டு ஏறக்குறைய 5,000 மீட்டர் உயரச் சிகரத்தில் ஏறிச் சறுக்கினார். அப்பால் சீன எல்லை. போக அனுமதி இல்லை. துணைக்கு வந்தவர்கள் லீவு முடிந்து மாஸ்கோவுக்குத் திரும்பிவிட்டார்கள். இவர் தனியாக தாஷ்கண்ட், சாமர்கண்ட், புகாரா என்று போய்க்கொண்டே இருந்தார்.

முதல் பிரயாணத்தில் பார்த்த உற்சாகத்தின் மறுபக்கம் இங்கே கண்ணில் பட்டது. துருக்கிஸ்தானம் பருத்தி பயிரிட வேண்டும் என்று மாஸ்கோ உத்தரவு. நெல்லும் கோதுமையும் விளைந்த நிலமெல்லாம் பருத்தியாயிற்று. சாப்பாட்டுக்கு? சைபீரியாவிலிருந்து தானியம் வரும் என்றார்கள். அதற்காகவே 1930-ல் புது ரயில் பாதையும் போட்டு முடித்திருந்தார்கள். பாதை வந்துவிட்டது, தானியம் வரவில்லை. ஆடு மாடு மேய்த்துக்கொண்டு கூடாரத்தில் திரிந்த கஜாக் மக்களை ஓரிடத்தில் குடியிருக்கச் சொல்லி, மந்தைகளைப் பறித்துக்கொண்டார்கள். மந்தை போனால் பால் இல்லை, மாமிசம் இல்லை, ஆடை இல்லை. ரயில்வே ஸ்டேஷன்களில் எலும்பும் தோலுமாக ஜனங்கள் காத்துக் கிடந்தார்கள். 1930-லிருந்து 1933-க்குள் கஜாக் பிரதேசத்தில் மட்டும் பதினைந்து லக்ஷம் பேர் பட்டினியில் இறந்தார்கள் என்று சரித்திரக்காரர்கள் இப்போது கணக்கிடுகிறார்கள். அன்றைக்கு அந்தக் கணக்கு வெளியே வரவில்லை. மையார் கழுத்தில் லைக்கா காமிரா தொங்கிக்கொண்டிருந்தது. எடுத்த படங்கள் லோஸான் நகரத்துப் பொருட்காட்சி சாலையில் இன்றும் பத்திரமாக இருக்கின்றன. அவற்றில் பெரிய மனிதர்கள் யாரும் இல்லை. சந்தையில் முலாம்பழம் விற்கிறவன், குழந்தையை இடுக்கிய தாய், ரயிலுக்குக் காத்திருக்கும் குடும்பம் போன்ற முகங்கள்தாம்.

திரும்பும் வழியில் படகில் ஆமூ தாரியா நதியோடு இறங்கினார். குளிர்காலம் வந்துவிட்டது. நதி உறையத் தொடங்கியது. மேலே போக ஒரே மார்க்கம், கிஸில் கும் என்ற செம்மணல் பாலைவனம். பாலைவனம் என்றால் நமக்குக் கொளுத்தும் வெயில்தான் ஞாபகம் வரும். இது டிசம்பர் மாதப் பாலைவனம். குடிக்க வைத்திருக்கும் தண்ணீர் கட்டியாகிவிடும். உடைத்து உருக்கித்தான் டீ போட வேண்டும். ஒட்டகக்காரர்களோடு, அவர்கள் பாஷை தெரியாத ஒரே பெண்ணாக, நாள் கணக்கில் நடந்தும் ஒட்டகத்தின் மேலும் போய் ரயில் பாதையைப் பிடித்தார். வழியில் அவருக்குத் தீங்கு செய்தவர் யாரும் இல்லை. "உனக்குப் புருஷன் எங்கே?" என்று கேட்காதவர்களும் யாரும் இல்லை!

அதற்குப் பிறகு 1935-ல் பீட்டர் பிளெமிங் என்ற ஆங்கிலப் பத்திரிகைக்காரருடன் பீகிங்கிலிருந்து ஸ்ரீநகர் வரை ஏழு மாதப் பிரயாணம். 1939-ல் தோழி ஒருத்தியுடன் ஜினீவாவிலிருந்து காபூல் வரை போர்டு காரில். காபூலை அடைந்த சமயத்தில் ஐரோப்பாவில் யுத்தம் மூண்டுவிட்டது. மையார் ஊருக்குத் திரும்பவில்லை. தெற்கே இறங்கித் தமிழ்நாட்டுக்கு வந்தார். முப்பத்தேழு வயது வரை வெளியே தேடியதை இனி உள்ளே தேடுவது என்று தீர்மானம்.

திருவண்ணாமலையில் அவர் உட்கார்ந்திருந்த காலத்தில்தான், 1941 ஜூன் 22-ந் தேதி, ஜெர்மன் சேனை ருஷ்யாவுக்குள் புகுந்தது. மாஸ்க்வா நதியில் அவரோடு துடுப்பு வலித்த இருபது வயதுப் பெண்களுக்கு அப்போது முப்பத்தொரு வயது. காகசஸ் மலையில் மூட்டை சுமந்த மாணவர்களுக்கும் ஏறக்குறைய அதே வயதுதான். அந்த யுத்தத்தில் ஸோவியத் தேசம் இழந்தது இரண்டு கோடியே எழுபது லக்ஷம் உயிர். அவர்களில் யார் பிழைத்தார்கள், யார் போனார்கள்? மலையடிவாரத்தில் பூனையை மடியில் வைத்துக்கொண்டு பத்திரிகை பார்த்தபோது, ஒவ்வொரு முகமாக ஞாபகம் வராமலா இருந்திருக்கும்?

யுத்தம் முடிந்ததும் சுவிட்ஜர்லாந்துக்குத் திரும்பினார். வரிப் பூனையைப் பற்றி 1951-ல் ஒரு புஸ்தகமே எழுதினார். 1957-லிருந்து முப்பது வருஷம், சிறு சிறு கோஷ்டிகளை ஆசியா தேசங்களுக்கு அழைத்துக்கொண்டு வந்தார். ஆல்ப்ஸ் மலையில், ஏறக்குறைய 2,000 மீட்டர் உயரத்தில் உள்ள சாந்தோலின் என்ற கிராமத்தில் மரத்தால் ஒரு வீடு கட்டிக்கொண்டு வாழ்ந்தார். 1997 மார்ச் மாதம், தொண்ணூற்று நாலாவது வயதில், அந்தக் கிராமத்தில் காலமானார். சுற்றிலும் பனி மூடிய சிகரங்கள். வீட்டுக்கு அவர் வைத்த பெயர் 'அச்சலா'. அருணாசலத்தை நினைத்து வைத்த பெயர்.